ஹார்ட் டிஸ்க்குக்கு உடம்பு சரியில்லை

அந்தக் கட்டடத்தில் புதிதாகக் குடிவருகிற எவரும் முதல் ஒரு மாதம் டிவி சத்தத்தைக் குறைத்தே வைப்பார்கள். மூன்றாம் மாடியில் இன்ஸ்பெக்டர் இருக்கிறார் என்று யாராவது காதில் போட்டிருப்பார்கள். வண்டியை ஒழுங்காக நிறுத்துவார்கள். எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுவார்கள். அவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர், அதுவும் ஓய்வு பெற்றவர் என்பது தெரியவருவதற்குள் நல்ல பழக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிடும். அவராகப் போய் யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை. இந்த வயதில் தேடி வருகிற மரியாதையை, நீ எந்த விலாசத்துக்கு வந்தாய் என்று நிறுத்திக் கேட்கக் கூடாது என்பது அவர் கட்சி.

வேலையில் இருந்த காலமெல்லாம் அடுத்தவர்களின் லிஃப்டுகளை ஏற்றி இறக்கிப் பார்த்தவர், குடியிருப்பதோ லிஃப்டே இல்லாத கட்டடத்தில். படியேறும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். கம்பி கெட்டியாகத்தான் இருந்தது. மூச்சுதான் வாங்கியது. ஆனால் மூச்சு வாங்க நிற்கிற கிழவனைவிட, கம்பியைச் சோதிக்க நிற்கிற இன்ஸ்பெக்டர் பார்ப்பதற்கு எவ்வளவோ தேவலை.

அவருக்கு ஒரே மகள். வேறு ஊரில், சினிமாவுக்குச் சத்தம் செய்கிற வேலை. திரையில் கதாநாயகன் நடப்பான். டப் டப்பென்று கேட்கிற செருப்புச் சத்தம் இவள் இருட்டறையில் நின்று நடந்ததாக இருக்கும். கதவு திறப்பது, பூட்டு விழுவது, எலும்பு முறிவது எல்லாம் அவள் கைவேலை. "பொண்ணு என்ன பண்ணுது?" என்று யாராவது கேட்டால் இன்ஸ்பெக்டர் முகத்தில் சிரிப்பைக் காட்டாமல், "சத்தம் போடுது. அதுக்குச் சம்பளமும் கொடுக்கறாங்க" என்பார். கேட்டவர் சிரிப்பதா பரிதாபப்படுவதா என்று தெரியாமல் நகர்ந்துவிடுவார்.

ஊருக்கெல்லாம் சத்தம் போட்ட மகள் அப்பாவிடம் மட்டும் அதிகம் பேசியதில்லை. சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. சண்டை போடுவதற்குக்கூட இரண்டு பேர் கொஞ்சம் பேசியாக வேண்டும். மனைவி உயிரோடு இருந்தவரை அவள்தான் நடுவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். மகள் போன் செய்தால் அம்மாவிடம் பேசுவாள். இன்ஸ்பெக்டர் பேப்பரை விரித்தபடி, "நான் கேட்டேன்னு சொல்லு" என்பார். "அப்பா கேட்டாராம்டி." "நானும் கேட்டேன்னு சொல்லும்மா." இப்படியே பத்து வருஷம் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். என்ன கேட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியாது. பிறகு ஒரு நாள் எக்ஸ்சேஞ்ச் போய்ச் சேர்ந்தது. இரண்டு முனையிலும் ஆளாளுக்கு ஒரு போன் மிச்சம் இருந்தது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் கூப்பிடுவாள்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"சாப்பிட்டேன். நீ?"

"சாப்பிட்டேன்."

"ம்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"சரி, வெச்சிடறேன்."

அந்தக் காலத்துத் தந்தியில்கூட இதைவிட நாலு வார்த்தை கூடுதலாக இருக்கும்.

அதனால் ஒரு புதன்கிழமை அவள் பெயர் போனில் மின்னியபோது இன்ஸ்பெக்டர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு எடுத்தார். வாரத்தின் நடுவில் வருகிற போனுக்கு இந்த வயதில் ஒரே ஒரு பொருள்தான்.

"பயப்படாதீங்கப்பா, யாருக்கும் ஒண்ணும் ஆகல. என் ரூம்ல பழைய கம்ப்யூட்டர் பக்கத்துல கறுப்பா ஒரு சின்னப் பெட்டி இருக்கும். ஹார்ட் டிஸ்க். அதைக் கொஞ்சம் மாட்டிப் பாக்கறீங்களா? பழைய லிஃப்ட் சத்தம் ஒண்ணு ஒரு படத்துக்கு வேணும். மெஷின் ரூம்ல நின்னு எடுத்தோமே, அது."

எடுத்தோமே. அவருக்கு எப்படி மறக்கும்? அவள் கல்லூரியில் சத்தம் படித்துக்கொண்டிருந்த நாட்களில், தான் சோதனைக்குப் போகிற கட்டடங்களுக்கெல்லாம் அவளையும் கூட்டிக்கொண்டு போவார். மொட்டை மாடிக்கு மேலே, கிரீஸ் வாடை அடிக்கிற மெஷின் அறையில், அவள் காதில் ஹெட்போனை மாட்டி மைக்கை நீட்டிப் பிடித்திருப்பாள். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். பேசக் கூடாது என்பதே வேலையாக இருந்ததால் அப்பாவும் மகளும் அச்சாகப் பொருந்திப்போன காலம் அது. கம்பிக் கதவு வைத்த பழைய லிஃப்டுகள், பாதி வழியில் முனகுபவை, நிற்கும்போது பெரிய மனுஷன் நாற்காலியில் உட்காருவதுபோலத் தொப்பென்று நிற்பவை என அத்தனையும் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருந்தன. கூடவே வேலைக்கு ஊர் மாறுகிறவரை அவள் சேர்த்த கதவுகள், படிகள், மழைகள், கூட்டங்கள். அவள் பிழைப்புக்கான விதைநெல் என்று வைத்துக்கொள்ளலாம்.

மாட்டினார். பெட்டி உறுமியது. பிறகு 'கடக்' என்றது. கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு 'கடக்'. கம்ப்யூட்டர் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இன்ஸ்பெக்டர் எழுந்து போய் நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்தார். நுனியைப் பெட்டியின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். மோட்டாரின் பேரிங் எப்படி இருக்கிறது என்று அவர் காலமெல்லாம் கேட்டது இப்படித்தான். உள்ளே ஏதோ ஒன்று எழுந்து, இடத்தைத் தேடி, கிடைக்காமல் திரும்பி வந்து முட்டிக்கொண்டது.

"பாப்பா, இதுக்கு உடம்பு சரியில்ல போலிருக்கே" என்றார் போனில்.

"ஐயோ. அப்பா, உடனே பிடுங்கிடுங்க. வேற எங்கயும் காப்பி இல்ல. எடுக்கணும் எடுக்கணும்னு இருந்துட்டேன்."

தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவருக்கு 'ரீஸ்டார்ட்' என்று பெயர். எந்த வியாதியோடு யார் வந்தாலும், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்பதுதான் அவர் முதல் கேள்வி. பாதிப் பேருக்கு அதிலேயே குணமாகிவிடும் என்பதால் பெயர் நிலைத்துவிட்டது. இன்ஸ்பெக்டர் கொண்டுபோன பெட்டியை அவர் மாட்டி, இரண்டு கடக்குகளைக் கேட்டு, சட்டென்று பிடுங்கிவிட்டார்.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா?" என்று இன்ஸ்பெக்டரே எடுத்துக் கொடுத்தார்.

"இதுக்கு அதெல்லாம் இல்ல, சார்."

ரீஸ்டார்டே கைவிட்டால் நிலைமை மோசம் என்று பொருள்.

"உள்ள தட்டு சுத்துது, சார். தட்டுக்கு மேல, படாம, ஒரு முள்ளு மாதிரி ஓடிப் படிக்குது. அந்த முள்ளு போற நிலைமை. ஒரு தடவை முழுசாப் படிக்கற அளவுக்குத் தெம்பு இருக்குன்னு நினைக்கறேன். இவ்வளவு பெரிய டிஸ்க் என்கிட்ட இல்ல. புதுசு ஒண்ணு வாங்கிட்டு வாங்க, ரெண்டையும் சேர்த்து மாட்டி ஒரே மூச்சுல எடுத்துடலாம். அதுவரைக்கும் ஆன் பண்ணவே கூடாது."

"டெஸ்டுக்குக்கூடவா?"

"டெஸ்டுக்குக்கூட."

சோதிக்கக் கூடாத எந்திரம் ஒன்று உலகத்தில் உண்டு என்பதை இன்ஸ்பெக்டரால் ஏற்கவே முடியவில்லை. அவர் தொழிலில் ஓடாத எந்திரம்தான் துருப்பிடிக்கும். ஆனாலும் தலையாட்டினார். மறுநாள் காலையிலேயே அடுத்த தெருவுக்குப் போய்ப் புது ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கிவிட்டார். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

அன்று மதியம் ரீஸ்டார்ட் கடைக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது மகள் போன் செய்தாள். வியாழக்கிழமை!

"டிஸ்க் எப்படிப்பா இருக்கு?"

அவர் சொன்னார். ரீஸ்டார்ட் சொன்னதை எல்லாம் சொன்னார். தட்டு, முள், மூச்சு. அவள் குறுக்கே கேட்டாள், இவர் விளக்கினார். அவள் பதறினாள், இவர் தேற்றினார். வைத்தபோது போனே சூடாக இருந்தது. அந்த வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் கூட்டினாலும் அவ்வளவு பேச்சு தேறாது.

"புதுசு வாங்கிட்டீங்களா?" என்று கடைசியில் கேட்டாள்.

இன்ஸ்பெக்டர் மேஜை மேலிருந்த கடைப் பையைப் பார்த்தார்.

"விசாரிச்சிட்டு இருக்கேன்" என்றார்.

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டினார். பையை அலமாரியில், தன் குளிர்காலப் போர்வைக்குப் பின்னால் வைத்தார். ஒரு நாள்தானே. பணியில் இருந்தபோது கம்பிவடம் நைந்த லிஃப்டுக்கு முத்திரை போட்டு நிறுத்தப் போவார். கட்டடக்காரர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு நாள், சார்" என்று கெஞ்சுவார்கள். ஒருவருக்கும் அந்த ஒரு நாளை அவர் கொடுத்ததில்லை. சேமித்து வைத்திருந்ததை எல்லாம் இப்போது தனக்கே கொடுக்கத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. சனிக்கிழமையும் வந்தது. உறவில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் விசாரிப்பதுபோல, "டிஸ்க் எப்படி இருக்கு?" என்றுதான் பேச்சு தொடங்கும். புது டிஸ்க் வாங்குகிற விவகாரத்தை இன்ஸ்பெக்டர் ஒரு பத்து மாடிக் கட்டடத்துக்கு லிஃப்ட் வாங்குவதுபோல நடத்தினார். மூன்று கடைகளில் விசாரித்தார். பெரிதா சிறிதா என்று ஒரு நாள் பேசினார்கள். கறுப்பா வெள்ளையா என்றுகூட ஒரு நாள் ஓட்டினார். சுற்றுகிற டிஸ்கா சுற்றாத டிஸ்கா என்பது மட்டும் இரண்டு நாள் தாங்கியது. அதற்காக அவர் ரீஸ்டார்டிடமே மறுபடி போய்ப் பாடம் கேட்டு வந்தார்.

"இப்ப வர்றதுல உள்ள எதுவும் சுத்தாது, சார். வெறும் சிப்பு. சத்தமே வராது."

"சத்தமே வராதா? அப்ப கெட்டுப்போகப் போகுதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது, சார். நேத்து இருக்கும், இன்னிக்கு இருக்காது."

இது எந்திரத்துக்கு அடுக்குமா என்று இன்ஸ்பெக்டர் அன்று சாயங்காலம் மகளிடம் பொங்கித் தீர்த்தார். அவள் சிரித்தாள். பிறகு, "நானே ஆர்டர் போட்டு வீட்டுக்கு அனுப்பிடவா? நாளைக்கே வந்துடும்" என்றாள்.

"வேண்டாம், வேண்டாம்! கொண்டு வர்றவன் குலுக்கிடுவான். நானே கையால பாத்து வாங்கறேன்."

ஆனால் எந்தக் கடையிலும் சரக்கு தீரும். ஒரு நாள் சொல்வதற்கு அவரிடம் புதுச் செய்தியே இல்லை. மகள், "வேற?" என்றாள். அடுத்து என்ன வசனம் வரும் என்று அவருக்கு மனப்பாடம்.

"இன்னிக்குக் கொஞ்சம் போட்டுப் பாத்தேன்" என்றார் அவசரமாக.

"என்னது! ஆன் பண்ணீங்களா? எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு? சின்னக் குழந்தையா நீங்க? ஒரு வார்த்தை சொன்னாக் கேக்கணும்னு கிடையாதா?"

அப்படியே அவள் அம்மா. அதே ஏற்றம், அதே இறக்கம், மூச்சு விடாமல் அடுக்குகிற அதே வேகம். அந்த வீட்டில் அவரைத் திட்ட ஆளில்லாமல் போய் வருஷக்கணக்காயிற்று. இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டு, வெயிலில் காய்கிறவர்போல, முழுதும் வாங்கிக்கொண்டார். திட்டி முடித்து அவள் சற்று அடங்கினாள். தொழில் புத்தி எட்டிப் பார்த்தது.

"சத்தம் எப்படி இருந்துச்சு?"

அவர் வாயாலேயே செய்து காட்டினார். "கடக். கடக். க்ர்ர்ர்." அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அது என்னப்பா, கிழக் கோழி மாதிரி இருக்கு. போன்ல ரெக்கார்ட் பண்ணி அனுப்... இல்ல, வேண்டாம். தொடாதீங்க."

இன்ஸ்பெக்டர் காதுக்கு அந்த வாக்கியத்தின் முன்பாதி மட்டும்தான் போய்ச் சேர்ந்தது.

அன்று சாயங்காலம் அவர் சொன்னது பொய். மறுநாள் காலை அதை உண்மையாக்கினார். பெட்டியை மாட்டி, போனைப் பக்கத்தில் பிடித்து, மூன்று கடக்குகளையும் ஓர் உறுமலையும் பதிவு செய்து அனுப்பினார். உடனே போன் வந்தது. முதலில் திட்டு. பிறகு, "ரொம்பக் கிட்ட வெச்சிருக்கீங்க. உங்க மூச்சு விழுது பாருங்க, இரைச்சலா இருக்கு. போனைத் தள்ளிப் பிடிங்க" என்றாள். பிறகு பேச்சு எங்கெங்கோ போனது. ஸ்டுடியோவில் மலைபோலக் குவிந்து கிடக்கிற பழைய செருப்புகளைப் பற்றிச் சொன்னாள். "இப்ப பண்ற படத்துல முழங்காலுக்குக் கீழ வில்லன் நான்தான்ப்பா" என்றாள். எலும்பு முறிய வெள்ளரிக்காயை உடைப்பது, தூரத்து எந்திரத்துக்கு மேஜை ஃபேன் முன்னால் அட்டையைப் பிடிப்பது, துப்பாக்கி விசையின் சத்தத்துக்குப் பேனாவை அமுக்குவது என்று தொழில் ரகசியங்களை அவிழ்த்தாள். வீட்டுக்காரி குழாய்த் தண்ணீரை அளந்து விடுகிற கதை வந்தது. தனியாகச் சாப்பிடப் பிடிக்காமல் சில நாள் சாப்பிடாமலே படுத்துவிடுவதும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை 'சாப்பிட்டேன்'களில் பாதி பொய் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. தன் கணக்கிலும் அப்படிச் சில இருந்தன.

அதன்பின் தினமும் காலையில் ஒரு கடக். சாயங்காலம் ஒரு போன். திட்டு, விசாரிப்பு, கதை. இன்ஸ்பெக்டர் முகத்தில் களை வந்துவிட்டது என்று ரீஸ்டார்டே சொன்னார். பெட்டிக்குள் கடக்குகள் நெருங்கி வந்துகொண்டிருந்தன. அது அவர் காதுக்குத் தெரியாமல் இல்லை. நைந்த வடத்தின் சத்தத்தை அறியாதவரா அவர்? நாளைக்கு எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று தினமும் உண்மையாகவே நினைத்தார். புதிது அலமாரியில் தயாராக இருந்ததால் அந்த நினைப்பும் சுகமாகவே இருந்தது.

"அப்பா, அடுத்த வாரம் அந்த ரீல் முடிக்கணும். டைரக்டர் கத்தறாரு. வாங்கிட்டீங்களா இல்லையா?"

"திங்கக்கிழமை கண்டிப்பா."

திங்கட்கிழமை காலை, கடைசியாக ஒரு முறை என்று மாட்டினார். கடக் வரவில்லை. தகரத்தில் நகத்தால் கீறுவதுபோல மெல்லிய ஒரு சத்தம் வந்தது. அது இழுத்துக்கொண்டே போய், மெலிந்து, நின்றது. அவர் ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக் காதை வைத்தார். தன் நாடித்துடிப்பைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. கழற்றி மாட்டினார். காதை வைத்தார். மறுபடி கழற்றி மாட்டினார்.

அவர் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அவர் செய்தது இது: மேஜை ஃபேனை எடுத்து வைத்து இரண்டாம் எண்ணில் ஓடவிட்டார். அதற்கு முன்னால் பழைய காலண்டர் அட்டையைப் பிடித்தார். சட்டைப் பையிலிருந்த நீலப் பேனாவை எடுத்து, காலித் தகர டப்பா ஒன்றின் மேல் வைத்து அமுக்கினார். கடக். இடைவெளி கொஞ்சம் கூடிவிட்டது. மறுபடி செய்தார். அட்டை நழுவியதில் ஒன்று கெட்டது. நாலாவது முறை அசலாக வந்தது. மகளின் தொழிலைத் தன் கையால் செய்வது இதுவே முதல் முறை என்று தோன்றியது. அவ்வளவு துக்கத்திலும் ஒரு சின்னப் பெருமை தலைகாட்டியதை மறைப்பதற்கில்லை. போனைத் தள்ளிப் பிடித்து, மூச்சை அடக்கிப் பதிவு செய்து அனுப்பினார்.

அவள் கேட்டுவிட்டாள் என்பதற்கு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. சாயங்காலம் போன் இல்லை.

மறுநாள் அவர் இரண்டு டிஸ்க்கையும் தூக்கிக்கொண்டு ரீஸ்டார்ட் கடைக்கு ஓடினார். இப்போது அலமாரியிலிருந்து எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ரீஸ்டார்ட் பழையதை மாட்டிப் பார்த்தார், குலுக்காமல் திருப்பிப் பார்த்தார், மெதுவாகக் கீழே வைத்தார்.

"முள்ளு தட்டுல இறங்கிக் கீறிடுச்சு, சார். இனிமே பெரிய லேபுக்கு அனுப்பினாலும் தூள்தான் வரும். எத்தனை தடவை ஆன் பண்ணீங்க?"

"டெஸ்டுக்குத்தான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

ரீஸ்டார்ட் புதிய டிஸ்க்கைப் பையில் போட்டுக் கொடுத்தார். "இதைத் திருப்பிக் கொடுத்துடலாம், சார், பிரிக்கவே இல்லையே" என்றார் ஆறுதலாக.

வியாழக்கிழமை காலை. படியில் யாரோ ஏறி வருகிற சத்தம் கேட்டது. இரண்டாம் மாடிப் பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கும் என்று இன்ஸ்பெக்டர் நினைத்தார். சத்தம் இரண்டாம் மாடியில் நிற்காமல் மேலே வந்தது. கதவைத் திறந்தால் மகள். தோளில் ஒரே ஒரு பை.

"நீயா! படியில கேட்டேன், வேற யாரோன்னு நெனச்சிட்டேன்."

"மெதுவா ஏறி வந்தேன், அதான் அடையாளம் தெரிஞ்சிருக்காது" என்றாள் அவள். ஆனால் அவள் மெதுவாக வரவில்லை.

உள்ளே வந்து மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஃபேன் இன்னும் அங்கேயே இருந்தது. அட்டையும் இருந்தது. அவள் அவற்றைப் பார்த்தாள். அவர் சட்டைப் பையைப் பார்த்தாள்.

"அந்தப் பேனாவைக் குடுங்கப்பா."

கொடுத்தார். அவள் அதைக் காதருகே வைத்து ஒரு முறை அமுக்கினாள். கடக். இன்னொரு முறை அமுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க" என்றாள். குரல் உடையாமல் இருக்க அதைத் தொழிலின் மேல் சாய்த்து வைத்திருந்தாள். "பேனா பரவாயில்ல. ஃபேன்தான் கொஞ்சம் ஜாஸ்தி. எப்ப போச்சு?"

"திங்கக்கிழமை."

"கடைக்குக் கொண்டு போனீங்களா?"

"தூள்தான் வரும்னு சொல்லிட்டாரு."

அவள் தலையாட்டினாள். பழைய பெட்டியைக் கையில் எடுத்தாள். ஸ்க்ரூடிரைவர் பக்கத்தில்தான் கிடந்தது, அதைத் தொடவில்லை. பிறகு நாற்காலியில் கிடந்த கடைப் பை அவள் கண்ணில் பட்டது. உள்ளே பிரிக்காத புது டிஸ்க்.

"இது எப்ப வாங்கினது?"

பொய் சொல்லலாம். நேற்று என்று சொன்னால் முடிந்தது. ஆனால் சத்தத்தை வைத்து ஆளைப் படிக்கிறவள் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"நீ முதல்ல போன் பண்ணினியே புதன்கிழமை, அதுக்கு மறுநாள்."

அவள் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். திட்டுவாள், வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் மூன்று நாளாகக் காத்திருந்தார்.

"ஏம்ப்பா?"

"சொல்லிட்டா நீ போன் பண்ண மாட்டே."

அறையில் ஃபேன்கூட ஓடவில்லை. கீழே தெருவில் யாரோ ஒரு வண்டியைக் கிளப்பப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

"அது சாகற சத்தத்தைத் தினமும் அனுப்பினீங்க" என்றாள் அவள். "நானும் தினமும் கேட்டேன். உடனே கிளம்பி வந்திருக்கணும். வரலையே." அப்போதுதான் அழுதாள். அவள் அழுதால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. அந்த இலாகா எப்போதும் மனைவியிடம் இருந்தது. தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ஃபேனைப் போடவா என்று கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் அவள் கிளம்பினாள். பழைய பெட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்; எதற்கென்று இருவருக்கும் தெரியாது. படத்துக்கு என்ன செய்தாய் என்று வாசலில் நின்று கேட்டார். "இரும்புக் கட்டிலை இழுத்துப் பண்ணிட்டோம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது" என்றாள். இறங்கிப் போகும்போது அவர் கதவைச் சாத்தாமல் நின்று கேட்டார். இடது கால் சற்று அழுத்தி விழுந்தது. இதைப்போய் வாத்தியார் என்று நினைத்தோமே என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பி வந்தன. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், வேற, வேற ஒண்ணுமில்ல. அதில் ஒரு சொல்லைக்கூட அவள் குறைக்கவில்லை என்பதற்கு அவர் நன்றியோடு இருந்தார்.

புது டிஸ்க்கை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. காலியாகக் கிடப்பதை நிரப்பலாம் என்று ஒரு யோசனை தோன்றியது. போனை எடுத்துக்கொண்டு, அவளோடு மெஷின் அறையில் நின்ற அந்தப் பழைய அலுவலகக் கட்டடத்துக்குப் போனார். கம்பிக் கதவு லிஃப்டை எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் எஃகுப் பெட்டி ஒன்று பளபளவென்று நின்றது. ஏறினார். போனை நன்றாகத் தள்ளிப் பிடித்துப் பதிவைத் தொடங்கினார். கதவு மூடியது தெரியவில்லை. கிளம்பியதும் தெரியவில்லை. மேலே போய்விட்டோம் என்பதை எண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இறங்கி வந்து, எதையும் யோசிக்காமல் அதை மகளுக்கு அனுப்பினார். நீலக் குறி விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"சாப்பிட்டேன். நீ?"

"சாப்பிட்டேன்."

"ம்."

அடுத்து 'வேற' வர வேண்டும். வரவில்லை.

"நீங்க அனுப்பினதைக் கேட்டேன்."

"ஒண்ணுமே இல்லைல்ல அதுல? புது லிஃப்டும்மா. சத்தமே கிடையாது."

"உங்க மூச்சு இருக்கு."

"தள்ளித்தான் பிடிச்சேன். அப்படியுமா விழுந்திருக்கு?"

"தள்ளிப் பிடிச்சா இவ்வளவு கேக்குது? ஏம்ப்பா இப்படி இழுக்குது? எவ்வளவு நாளா இருக்கு?"

இரண்டாம் மாடித் திருப்பம், கைப்பிடிக் கம்பி, காலையில் எழுந்ததும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இடம் தேடி முட்டுவது எல்லாம் அவர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. மூன்று கடைகளில் விசாரிக்க வேண்டாம், கறுப்பா வெள்ளையா என்று ஓட்ட வேண்டாம். தினமும் சாயங்காலம் சொல்வதற்கு அசலான சரக்கு அவரிடமே இருந்தது. சொன்னால் போன் வரும். திட்டு வரும். ஒருவேளை அவளே வருவாள்.

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பேனா அங்கேதான் இருந்தது. இதையும் அவள் பேனாச் சத்தம் என்று நினைத்துவிட்டால்?

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. படியேறினேன், அதான்."

"லிஃப்ட்லதானே இருந்தீங்க?"

அவள் காத்திருந்தாள். காத்திருப்பது அவருக்குக் கேட்டது.

"வேற?" என்றாள் கடைசியில்.

"வேற ஒண்ணுமில்ல."

"சரி... வெச்சிடறேன்."

ஆனால் அவள் உடனே வைக்கவில்லை. இன்ஸ்பெக்டரும் வைக்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்து, மூச்சு விழாதபடி, கையை முழுதாக நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.